எக்ஸ்ஐஆர்ஆர் ஷீட்: ஸ்விட்ச் வரிசைகளை எப்படிப் போடுகிறீர்கள்?

வணக்கம் நண்பர்களே. புதிதாக எஸ்ஐபி (மியூச்சுவல் ஃபண்டில் மாதத் தவணை முதலீடு) தொடங்கியவர்களுக்காக ஒரு எக்ஸ்ஐஆர்ஆர் ஷீட் தயாராகிறது. ஒவ்வொரு தவணையின் தேதியையும் வைத்து ஆண்டு வருமானத்தைக் கணக்கிடுவதுதான் எக்ஸ்ஐஆர்ஆர். ஒரு இடத்தில் உங்கள் உதவி தேவை.

மாதம் 5,000 வீதம் 12 தவணை, மொத்தம் 60,000. இன்றைய மதிப்பு 63,300 என்றால் பலரும் "வெறும் 5.5 சதவீதமா, எஃப்டியே தேவலாம்" என்கிறார்கள். முதல் தவணைதான் முழு வருடம் உழைத்தது, கடைசித் தவணைக்கு ஒரு மாதம்தான். அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டு வருமானம் 10 சதவீதத்தைச் சற்றுத் தாண்டும். (ஒரு வருடம்கூட ஆகாத முதலீட்டுக்கு இந்த எண்ணைப் பார்ப்பதே வீண்.)

கூகுள் ஷீட்ஸில் தவணைகள் மைனஸிலும், கடைசி மதிப்பு இன்றைய தேதியுடன் பிளஸிலும் இருக்க வேண்டும். எல்லாமே பிளஸ் என்றால் பிழைதான் வரும். ஸ்டேட்மென்டிலிருந்து ஒட்டும் தேதிகள் சில நேரம் வெறும் எழுத்தாக உட்கார்ந்துவிடும், ஃபார்மட்டைத் தேதிக்கு மாற்றிவிடுங்கள். முத்திரைத் தீர்வை 0.005 சதவீதம் போக 4,999.75 ரூபாய்க்குத்தான் யூனிட் கிடைக்கும். ஆனாலும் 5,000 என்றே போடுவது சரி, கையை விட்டுப் போனது அதுதானே.

சிக்கல் ஸ்விட்சில், அதாவது ஒரு ஃபண்டிலிருந்து இன்னொரு ஃபண்டுக்குப் பணத்தை மாற்றுவதில். ஃபண்டு வாரியாகப் பார்த்தால் ஒன்றில் வெளியேற்றம், இன்னொன்றில் முதலீடு. மொத்த போர்ட்ஃபோலியோவுக்கு (எல்லா ஃபண்டும் சேர்த்து) இரண்டு வரிசையையும் விட்டுவிட வேண்டும். இதைத் தானாகப் பிரிக்கும் ஃபார்முலா யாரிடமாவது இருக்கிறதா? மாதிரி ஷீட் பகிர்வதானால் பான், ஃபோலியோ (ஃபண்டு கணக்கு) எண்களை அழித்துவிட்டு அனுப்புங்கள்.