பேரணி, உறுதிமொழி தவிர போதைத் தடுப்புக்குப் பள்ளி என்ன செய்யலாம்?

கரும்பலகை:
6 முதல் 10ஆம் வகுப்பு வரை போதைத் தடுப்புத் திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும். இப்போதைக்குப் பேசப்படுபவை: ஒரு பேரணி, உறுதிமொழி, பழக்கத்திலிருந்து மீண்டவர் ஒருவரின் பேச்சு, கெட்டுப்போன நுரையீரல் படங்கள். வாரம் ஒரு பாடவேளை தருவார்கள். இது போதுமா? பெற்றோர் கூட்டத்தில் எதைச் சொல்வது? ஒரு மாணவர் பிடிபட்டால் உடனே என்ன செய்ய வேண்டும்?

நிழல்மரம்:
பாடவேளை கிடைத்ததுதான் பெரிய விஷயம். பேரணியை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். பயமுறுத்தும் படங்களும் ஒருநாள் சொற்பொழிவும் பழக்கத்தைக் குறைப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. போதைப்பொருள் குற்றத் தடுப்பு அலுவலகமும் வெளியிட்ட வழிகாட்டுநெறிகளே சொல்கின்றன. மீண்டவரின் பேச்சில் "விழுந்தாலும் எழுந்துவிடலாம்" என்பதுதான் பல பிள்ளைகளின் காதில் விழும். 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய 'டேர்' திட்டத்தில் காவலர்களே வந்து பாடம் எடுத்தார்கள். அடுத்தடுத்து நடந்த ஆய்வுகளில் பெரிய பலன் தெரியாததால் பின்னாளில் அதன் பாடத்தையே மாற்ற வேண்டியதாயிற்று.

பலன் தந்தவை பழகிப் பார்க்கும் பாடங்கள். அமெரிக்க உளவியலாளர் போட்வின் வடிவமைத்த வாழ்க்கைத்திறன் பயிற்சியில் முதல் ஆண்டு 15 வகுப்புகள், அடுத்த ஆண்டு 10, மூன்றாம் ஆண்டு 5. அந்தப் பின்தொடர் வகுப்புகளை வெட்டினால் முதல் ஆண்டில் கற்றது கரைந்துவிடும்.

மறுக்கும் பயிற்சியை நடித்துப் பழகும்போது, சிகரெட் கொடுக்கும் பாத்திரம் அந்நியராக இருக்கக் கூடாது. முதல் சிகரெட் பெரும்பாலும் நண்பன் கையிலிருந்துதான் வரும். அந்த நண்பன் வேடத்தை ஆசிரியரே போடுங்கள். வகுப்பின் செல்லப்பிள்ளையிடம் கொடுத்தால் அவன் வற்புறுத்துவதில்தான் தேர்ச்சி பெறுவான். ஆளுக்கு 2 நிமிடம், மூன்று முறை. "வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவதும் இடத்தை விட்டு நகர்வதும் வாயிலும் காலிலும் பழக வேண்டும்.

இன்னொன்று. "எல்லாரும்தான் செய்கிறார்கள்" என்ற நினைப்பை உடையுங்கள். பெயரில்லாத சீட்டில் இரண்டே கேள்வி: உன் வகுப்பில் 100க்கு எத்தனை பேர் சென்ற மாதம் புகைத்திருப்பார்கள்? நீ புகைத்தாயா? அநேகமாக ஊகம் உண்மையைவிட மிக அதிகமாக இருக்கும். அந்த இடைவெளியைப் பலகையில் எழுதுங்கள். எல்லாருக்கும் ஒரே நிறப் பேனா, மூடிய பெட்டி அவசியம். உண்மை எண்ணே அதிகமாக வந்தால் வகுப்பில் காட்டாதீர்கள், எதிர்விளைவுதான் வரும்.

திண்ணை:
பெற்றோர் கூட்டம் பற்றி மட்டும் சொல்கிறேன். மைக்கில் ஒரு மணி நேரம் பேசி அனுப்புவதால் வீட்டில் எதுவும் மாறாது. 10 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்கான குடும்ப வலுவூட்டல் திட்டத்தில் 7 அமர்வுகள், ஒவ்வொன்றும் 2 மணி நேரம். முதல் மணி பெற்றோரும் பிள்ளைகளும் தனித்தனி அறையில். அடுத்த மணி சேர்ந்து உட்கார்ந்து பழகுவது. அந்த இரண்டாவது மணிதான் உயிர்.

வீட்டில் செய்ய வேண்டியவை எளியவை. யாருடன், எங்கே, எப்போது திரும்புவாய் என்பது தெரிந்திருக்க வேண்டும். ஆனால் குறுக்குவிசாரணை செய்தால் பிள்ளை சொல்வதையே நிறுத்திவிடும். தானாகச் சொல்வதைக் கேட்கும் பெற்றோருக்குத்தான் அதிகம் தெரியவரும். தண்டனை சிறியதாக, முன்பே சொன்னதாக, அன்றே நடப்பதாக இருக்கட்டும். "ஒரு வருஷம் வெளியே போகக் கூடாது" என்பது மூன்றாம் நாளே தளர்ந்துபோகும். வலி மாத்திரை, தூக்க மாத்திரை, இருமல் மருந்து ஆகியவற்றை எண்ணிக் குறித்துப் பூட்டி வையுங்கள். சிகரெட் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். "எந்த நேரமானாலும் கூப்பிடு, வந்து அழைத்துப்போகிறேன், கேள்வி காலையில்தான்" என்ற வாக்கைக் கொடுத்து, காப்பாற்றுங்கள்.

துடிப்பு:
பிடிபட்ட மாணவர் மயக்கத்தில் இருந்தால் விசாரணையே கூடாது. தனியே விடாதீர்கள், ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், மூச்சை எண்ணுங்கள். மூச்சு மெதுவானாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, எழுப்பியும் எழவில்லை என்றாலோ உடனே ஆம்புலன்ஸ். வாந்தி எடுக்க வைப்பது, காபி புகட்டுவது, குளிர்ந்த நீரை ஊற்றுவது மூன்றும் ஆபத்து.

பசை, பெட்ரோல், ஒயிட்னர் முகர்ந்தவரைத் துரத்தவோ, அதட்டி அதிரவைக்கவோ கூடாது. அந்த ஆவி இதயத்தைச் சிறு தூண்டலுக்கும் அதிரும்படி வைத்திருக்கும். பயத்தில் சுரக்கும் அட்ரினலின் சேரும்போது துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம். முதல் தடவையிலேயே சாவு நேர்வது இப்படித்தான். ஜன்னலைத் திறந்து, அமைதியாகப் பேசி உட்கார வையுங்கள்.

தூக்க மாத்திரையோ மதுவோ தினமும் எடுத்தவரை வீட்டில் அடைத்துச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, வலிப்பு வரலாம். மருத்துவர் மேற்பார்வையில்தான் குறைக்க வேண்டும்.

சிறுநீர்ப் பரிசோதனையை நம்பி முடிவெடுக்காதீர்கள். சில சளி மருந்துகள்கூடப் பொய்யாக 'உண்டு' என்று காட்டும். பசை முகர்ந்தது வழக்கமான பரிசோதனையில் தெரியாது.

கரும்பலகை:
மிக்க நன்றி. ஆனால் "பிடிபட்டவரைப் பள்ளியிலிருந்து நீக்காவிட்டால் மற்ற பிள்ளைகளும் கெட்டுவிடுவார்கள்" என்கிறது நிர்வாகம். இதற்கு என்ன சொல்வது?

நிழல்மரம்:
விற்பவரையும் பயன்படுத்தியவரையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நீக்கப்பட்ட பிள்ளைக்குப் பகல் முழுவதும் காலியாகிறது, கூட இருப்பது அதே கூட்டம். பழக்கம் முற்றுவதற்கு இதைவிட வசதி வேண்டாம். பிடிபட்டவர்களை ஒன்றாக உட்கார வைத்துக் குழு வகுப்பு எடுப்பதும் தவறு, ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வார்கள்.

நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க ஒரு நடைமுறை: அன்றே பெற்றோரை வரவழைத்து, பிள்ளையையும் வைத்துக்கொண்டு பேசுவது. தெளிந்த பிறகு பயிற்சி பெற்ற ஆலோசகர், போதைப் பழக்கத்தின் ஆபத்தைக் கண்டறியும் 'கிராஃப்ட்' கேள்விகளைக் கேட்பது (12 முதல் 21 வயதுக்கானது, அதன் 6 கேள்விகளில் இரண்டுக்கு 'ஆம்' வந்தால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்). பிள்ளை நம்பும் ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்கி, முதல் மாதம் தினமும் 5 நிமிடம், பிறகு வாரம் ஒருமுறை பேச வைப்பது. விளையாட்டையோ கலைக்குழுவையோ தண்டனையாகப் பறிக்காதிருப்பது. இந்தக் கடைசி வரியைத்தான் நிர்வாகம் முதலில் அடிக்கப் பார்க்கும். அதை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.