மூணாவது க்ராஸ்ல மட்டும் தண்ணி நாறுது, எங்க பாக்கறதுன்னே தெரியல, உதவி ப்ளீஸ்

பிளாட் 27:
வணக்கங்க. நாங்க இருக்கறது சேலத்துல கன்னங்குறிச்சி தாண்டி ஏற்காடு அடிவாரம் போற பக்கம் ஒரு லேஅவுட்டு, 46 வீடு, மூணு க்ராஸ். மேட்டூர் தண்ணியும் எங்க பொது போர் தண்ணியும் அசோசியேஷன் ஓவர்ஹெட் டேங்க்ல ஏறும், 30,000 லிட்டர் டேங்க்கு, அங்கிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலைல 6ல இருந்து 8 வரைக்கும் வீடுகளுக்கு விடுவாங்க. ரெண்டு வாரமா, கரெக்டா சொன்னா ஐப்பசி மழை பிடிச்சதுல இருந்து, மூணாவது க்ராஸ்ல எங்களுக்கு வர்ற தண்ணி நாறுது. மொத நாலஞ்சு குடம் லேசா கலங்கலா சாக்கடை வாடை, அப்புறம் அரைமணி நேரத்துல தெளிஞ்சிருது. முதல் க்ராஸ் ரெண்டாவது க்ராஸ்ல கேட்டா எங்களுக்கு ஒண்ணுமே இல்லையேங்கறாங்க. டேங்க் போன வாரம்தான் ஆள் வெச்சு கழுவுனோம், சம்ப்பையும் கழுவியாச்சு, 700 ரூவா போச்சு, வாடை போகல. எங்க தெருவுல ரெண்டு குழந்தைங்களுக்கு வயித்தால போய் ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்தாங்க. எதுல இருந்து ஆரம்பிக்கறது சொல்லுங்க.

அடிவாரத்துக்காரன்:
டேங்க்ல அணில் செத்துக் கிடக்கும் பாருங்க. எங்க வீட்ல அப்டித்தான், மூணு மாசம் எல்லாரையும் சந்தேகப்பட்டுட்டு கடைசில பாத்தா ஓவர்ஃப்ளோ பைப்புல வலை இல்ல.

பிளாட் 27:
கழுவும்போது நானே மேல ஏறி நின்னேங்க, அணிலும் இல்ல பல்லியும் இல்ல. டேங்க்ல இருந்தா மூணு க்ராஸுக்கும்தான நாறணும்?

மொட்டமாடி தோட்டம்:
நம்ம ஊர் தண்ணியே அப்டித்தான்ப்பா, மண்ணு பூரா வெள்ளக்கல்லு. இருக்கற ரயில்வே ஸ்டேஷனுக்கே மேக்னசைட் ஜங்ஷன்னு பேர் வெச்ச ஊரு. ஒரு ஆர்ஓ போடுங்க முடிஞ்சுது.

லேப் அக்கா:
தம்பி வெள்ளக்கல்லுக்கும் வாடைக்கும் சம்பந்தமே இல்ல. மேக்னீசியம் இருந்தா தண்ணி உப்புக்கடுப்பா இருக்கும், சோப்பு நுரைக்காது, குழாய்ல வெள்ளையா படியும், பருப்பு வேக நேரமாகும். சாக்கடை வாடை அதுல வராது. ஆர்ஓ போட்டா குடிக்கற தண்ணிக்கு சரி, பல்லு விளக்கறது, காய் கழுவறது, குழந்தை குளிக்கும்போது வாய்ல போறது இதுக்கெல்லாம் எத்தன ஆர்ஓ போடுவீங்க.

பிளாட் 27 நீங்க முதல்ல இத பண்ணுங்க, காரணத்த அப்புறம் தேடலாம். மூணாவது க்ராஸ் எல்லாரும் தண்ணிய தளதளன்னு கொதிக்கவிட்டு ஆறவெச்சு குடிங்க, வெதுவெதுன்னு சூடு பண்ணா போதாது. வயித்தால போற குழந்தைக்கு ஓஆர்எஸ் கொடுத்துக்கிட்டே இருக்கணும், ஆரம்ப சுகாதார நிலையத்துல தகவல் சொல்லிருங்க, ஒரே தெருவுல ரெண்டு பேருன்னா அவங்களுக்கு தெரியணும். இன்னொண்ணு, மஞ்சக்காமாலை இன்னிக்கு குடிச்சா நாளைக்கு வராது, 15 நாள்ல இருந்து 50 நாள் வரைக்கும் எடுக்கும். அதனால தண்ணி தெளிஞ்சப்புறமும் யாருக்காச்சும் சோர்வு, சிறுநீர் மஞ்சளா போறதுன்னு இருந்தா அலட்சியமா விடாதீங்க.

அடிவாரத்துக்காரன்:
அக்கா பயமுறுத்தாதீங்க.

லேப் அக்கா:
பயந்தா நல்லதுதான்.

ரிட்டையர்டு ஃபிட்டர்:
நான் 31 வருஷம் பைப்லைன் வேலைல இருந்தவன், இப்ப ஜாகிர் அம்மாபாளையத்துல வீட்ல உக்காந்திருக்கேன். நாலு கேள்வி கேக்கறேன், தெரியலன்னா விசாரிச்சிட்டு வந்து சொல்லுங்க, யூகமா வேணாம். மூணாவது க்ராஸ்ல எல்லா வீட்டுக்குமா, பாதிக்கா? மழை இல்லாத நாள்ல வாடை வருதா? அப்ப தண்ணி திறந்த உடனே குழா புஸ்ஸு புஸ்ஸுன்னு காத்து துப்புதா? கடைசியா, யாராச்சும் சம்ப்புல விடாம நேரா லைன்லயே மோட்டார் போட்டு இழுக்கறீங்களா?

பிளாட் 27:
கேட்டுட்டு வந்தேங்கண்ணா. மூணாவது க்ராஸ்ல 13 வீடு. மேல இருக்கற நாலு வீட்டுக்கு ஒண்ணும் இல்ல, தெரு அப்புறம் கீழ சரிவா மூக்கனேரி பக்கம் இறங்குது, அந்த சரிவுல இருக்கற 9 வீட்டுக்குத்தான். நடுவுல நாலு நாள் மழை இல்ல, அப்ப விட்ட ரெண்டு தடவையும் வாடை இல்ல. ஆனா நீங்க சொன்ன மாதிரியே துப்பி துப்பி காத்தாதான் வந்துச்சு, இத யாரும் ஒரு பிரச்சினையாவே நெனக்கல. மோட்டார் அது வந்து எல்லா லேஅவுட்லயும் இருக்கறதுதாங்களே.

ரிட்டையர்டு ஃபிட்டர்:
அப்ப பாதி விஷயம் தெரிஞ்சுபோச்சு. அஞ்சாவது வீட்டுக்கு முன்னாடி எங்கயோ பைப்புல ஓட்டை இருக்கு, அந்த இடத்துல பைப்பு சாக்கடைக்குள்ளயோ பக்கத்துலயோ போகுது. நல்லா புரிஞ்சுக்கங்க, தண்ணி ஓடும்போது லைன்ல பிரஷர் இருக்கும், ஓட்டை வழியா தண்ணி வெளிய கசியும், உள்ள எதுவும் வராது. 8 மணிக்கு வால்வு மூடுனதும் சரிவுல கீழ இருக்கற வீட்டுக்காரங்க குழாய திறந்தா லைன்ல மிச்சம் இருக்கற தண்ணி கீழ இறங்கும், அப்ப மேல வெற்றிடம், ஓட்டை வழியா வெளிய இருக்கறத உள்ள உறிஞ்சும். வெயில் நாள்ல சாக்கடைல தண்ணி அடிலதான் ஓடும், ஓட்டை மேல இருக்கும், அதனால காத்த உறிஞ்சும், அதான் துப்புச்சு. மழைல சாக்கடை ரொம்பி பைப்பு முங்கிடும், அப்ப காத்துக்கு பதிலா அதையே உறிஞ்சும். மோட்டார் போட்டு இழுத்தா இதே வேல பத்து மடங்கு.

எந்த இடத்துல சாக்கடைய தாண்டுதுன்னு பாருங்க. சமீபத்துல யாராச்சும் பள்ளம் தோண்டுனாங்களான்னும் கேளுங்க.

பிளாட் 27:
அண்ணா நாலாவது வீட்டுக்கும் அஞ்சாவது வீட்டுக்கும் நடுவுலதான் ஒரு சின்ன கல்வெர்ட்டு இருக்கு!! புரட்டாசில ஒரு கேபிள் கம்பெனிக்காரங்க அங்கதான் தோண்டி மூடிட்டு போனாங்க. ஆனா அசோசியேஷன்ல சொன்னா, உங்க தெரு செப்டிக் டேங்க் லீக்கா இருக்கும், புதுசா வீடு கட்டுனவர கேளுங்கன்னு அவர் மேல போடறாங்க. வெறும் பேச்சுல ரோட்ட தோண்ட விடமாட்டாங்க, ப்ரூஃப் கேக்கறாங்க.

லேப் அக்கா:
ப்ரூஃப் ரொம்ப சுலபம், குளோரின வெச்சே புடிக்கலாம். குளோரின் அழுக்க பாத்தா செலவாயிடும், அதனால எந்த இடத்துல திடீர்னு காணாம போகுதோ அங்கதான் அழுக்கு சேருது. உங்க 30,000 லிட்டர் டேங்க் ரொம்புனதும் 200 கிராம் நல்ல ப்ளீச்சிங் பவுடர் போடுங்க, புது பாக்கெட்டுன்னா அதுல 30 சதவீதம் கிட்ட குளோரின் இருக்கும், கணக்கு போட்டா லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரும். பிரிச்சு வெச்சு காத்து பட்ட பவுடர் வேணாம், அது வெறும் சுண்ணாம்பு. பிளாஸ்டிக் பக்கெட்ல கரைச்சு தெளியவிட்டு மேல் தண்ணிய மட்டும் டேங்க்ல ஊத்துங்க, சாயங்காலம் ஊத்துனா காலைல விடலாம். 46 வீட்டுக்கும் முன்னாடியே சொல்லிருங்க, இல்லாட்டி அந்த வாடைக்கு தனியா ஒரு சண்ட வரும்.

தண்ணி விடுற அன்னிக்கு அஞ்சு பேர் அஞ்சு இடத்துல நின்னு முதல்ல வர்ற தண்ணிலயே குளோரின் பாருங்க. கெமிக்கல் கடைல சொட்டு மருந்து கிட் கிடைக்கும், விட்டா மஞ்சளாகும், எவ்ளோ மஞ்சளோ அவ்ளோ குளோரின், அட்டைல கலர் போட்டிருக்கும். டெஸ்ட் பண்ண தண்ணிய குடிக்காதீங்க, கீழ ஊத்திருங்க. குடிநீருக்கான இந்திய தரநிலை ஐஎஸ் 10500 படி வீட்டுக்குழாய்ல லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராம் இருக்கணும்.

கூடவே எச்2எஸ் பாட்டில்னு கிருமி இருக்கான்னு பாக்கற டெஸ்ட் பாட்டில் ரெண்டு வாங்கி மேல் வீட்ல ஒண்ணு கீழ் வீட்ல ஒண்ணு புடிச்சு வைங்க, குளோரின் போடறதுக்கு முந்தின சப்ளைலயே புடிச்சிருங்க. ஒரு நாள் ரெண்டு நாள்ல கருப்பாச்சுன்னா மலக்கழிவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். எழுத்துல ரிப்போர்ட்டு வேணும்னா குடிநீர் வடிகால் வாரியத்தோட மாவட்ட லேப்ல கொடுக்கலாம், ஆனா வீட்டு வாட்டர் பாட்டில்ல எடுத்துட்டு போகாதீங்க, சுத்தம் பண்ண பாட்டில அவங்ககிட்டயே கேட்டு வாங்கி ஐஸ்ல வெச்சு அன்னிக்கே கொண்டு போங்க.

மொட்டமாடி தோட்டம்:
டிடிஎஸ் மீட்டர் இருந்தா போதாதா? எங்கிட்ட ஒண்ணு சும்மா கெடக்கு.

லேப் அக்கா:
டிடிஎஸ் மீட்டர் தண்ணில கரைஞ்ச உப்பத்தான் காட்டும், அதுக்கு கிருமி தெரியாது. 300 காட்டற தண்ணில ஈகோலைங்கற மலக்கிருமி இருக்கலாம், 1200 காட்டற போர் தண்ணில இல்லாம இருக்கலாம். ஒரே தெருவுல நாலாவது வீட்டுக்கும் அஞ்சாவது வீட்டுக்கும் எண்ணு எகிறுச்சுன்னா அது ஒரு துப்பு, அவ்ளோதான்.

பிளாட் 27:
நாலு நாள் கழிச்சு வரேன் மன்னிச்சுருங்க, மழைல இந்த வேலையே சரியா இருந்துச்சு. சொன்ன மாதிரியே பண்ணோம். டேங்க் அடி குழாய்ல 1.5, முதல் க்ராஸ் 1, ரெண்டாவது க்ராஸ் அதுக்கு கொஞ்சம் கம்மி, எங்க க்ராஸ் நாலாவது வீட்ல 0.5. அஞ்சாவது வீட்ல சுத்தமா கலரே வரல, ஜீரோ. அரைமணி நேரம் கழிச்சு அதே குழாய்ல புடிச்சா 0.5 வருது. கீழ் வீட்டு எச்2எஸ் பாட்டில் மறுநாள் காலைலயே மை மாதிரி கருப்பு, மேல் வீட்டு பாட்டில் அப்டியே இருக்கு. ரெண்டு பாட்டிலையும் கொண்டு போய் அசோசியேஷன் டேபிள்ல வெச்சேன், யாரும் பேசல, தோண்ட ஆள் வரச் சொல்லிட்டாங்க.

தோண்டுனா கல்வெர்ட்டுக்கு கீழ ரெண்டரை இஞ்ச் பிவிசி, கப்ளிங் பக்கத்துல கடப்பாரை பட்ட மாதிரி ஒரு விரல் நீளத்துக்கு கீறல், அதுமேல யாரோ சைக்கிள் டியூப்ப சுத்தி கட்டி மண்ண தள்ளிட்டு போயிருக்காங்க. பாத்து எனக்கு சிரிப்பா வந்துச்சு, அழுகையாவும் வந்துச்சு. செப்டிக் டேங்க்னு பழி சுமந்த அந்த புது வீட்டுக்காரர்தான் முதல் ஆளா மம்பட்டி எடுத்துட்டு வந்து நின்னாரு.

ரிட்டையர்டு ஃபிட்டர்:
அந்த இடத்துலயே கப்ளிங் போட்டு சொல்யூஷன் தடவி மூடிறாதீங்க, அடுத்த தடவ தோண்டறவன் மறுபடி உடைப்பான். சாக்கடைக்குள்ள போறத கட் பண்ணிட்டு மேல தூக்கி ஜிஐ பைப்புல, அதான் துத்தநாகம் பூசுன இரும்பு பைப்புல, தாண்டி விடுங்க, கண்ணுக்கு தெரியற மாதிரி. தெருக்கடைசில ஒரு வாஷ் அவுட் வால்வும் வைங்க. முடிஞ்சதும் அந்த வால்வ திறந்து லைன கழுவிட்டு, குளோரின் தண்ணிய லைன்ல நிறுத்தி வெச்சு அப்புறம் வெளிய விடுங்க. 9 வீட்டு சம்ப்பையும் கழுவணும், கழுவிட்டு 1000 லிட்டருக்கு 150 கிராம் பவுடர் கணக்குல ராத்திரி விட்டு காலைல கொட்டிருங்க, அந்த தண்ணிய குடிக்கவோ குளிக்கவோ கூடாது.

மோட்டார் கேள்விக்கு இன்னும் பதில் வரல.

பிளாட் 27:
ஜிஐ பைப்பு போட்டாச்சுங்கண்ணா, வால்வும் வெச்சாச்சு. வீட்டுக்கு 600 ரூவா வந்துச்சு. நேத்து விட்ட தண்ணி மழைலயும் வாடை இல்ல, அஞ்சாவது வீட்ல முதல் குடத்துலயே 0.4.

மோட்டார்னா ஆமாங்க. எங்க வீட்லயும் இருக்கு. அரை ஹெச்பி, மூணு வருஷமா லைன்லயே, 5:50க்கே போட்டு விட்ருவோம், தண்ணி வந்ததும் முதல்ல நமக்கு ஏறட்டும்னு. அன்னிக்கு நீங்க கேட்டப்பவே சொல்லிருக்கணும். அந்த பத்து நிமிஷம் வெறும் லைன இழுத்து கீறல் வழியா சாக்கடைய தெருவுக்கே கொண்டு வந்ததுல எங்க மோட்டாரும் ஒண்ணு. வயித்தால போன ஒரு குழந்தை பக்கத்து வீட்டு குழந்தை, அவங்கம்மாகிட்ட இன்னும் சொல்லல.

லேப் அக்கா:
சொல்லிருங்க.

ரிட்டையர்டு ஃபிட்டர்:
கழட்டிட்டு சம்ப்புக்கு மாத்துங்க, லைன் தண்ணி தானா சம்ப்புல விழட்டும், சம்ப்புல இருந்து மோட்டார் எடுக்கட்டும். சம்ப்பு ரொம்புனா தானா மூடற ஃப்ளோட் வால்வு ஒண்ணு வாங்கிக்கங்க. மத்தவங்க எத்தன பேர் வெச்சிருக்காங்க?

பிளாட் 27:
கழட்டிட்டேங்க. நேத்து ராத்திரி அவங்க வீட்டுக்கும் போயிட்டு வந்தேன். எண்ணி பாத்ததுல எங்க க்ராஸ்ல இன்னும் 5 மோட்டார். அதுல ரெண்டு பேர் கழட்டறேன்னாங்க, மத்த மூணு பேர், நீ முதல்ல உங்க சம்ப்புல தண்ணி ஏறுதான்னு பாத்துட்டு வந்து சொல்லுங்கறாங்க. நாளைக்கு 6 மணிக்கு தண்ணி விடுவாங்க.