புதுப்பிப்பு: வாக்கிசாஷியை மதிப்பிட, கைப்பிடிக்குள் பாருங்கள்

முந்தைய பதிவில் வாக்கிசாஷி எனும் ஜப்பானியக் குறுவாளின் நீளம் (பொதுவாக 30 முதல் 60 செ.மீ.), வளைவு, கூர்விளிம்பை ஒட்டி ஓடும் ஹாமோன் கோடு பற்றிச் சொல்லியிருந்தேன். விட்டுப்போனது நாகாகோ, அதாவது கைப்பிடிக்குள் மறைந்திருக்கும் வால் பகுதி. வயதைக் கணிக்க நான் முதலில் நம்புவது அதைத்தான்.

வாலைக் கைப்பிடியோடு பிணைக்கும் மெகுகி என்ற மூங்கில் ஆணி ஒரு முனையில் சிறுத்திருக்கும். அந்தப் பக்கமிருந்து தள்ளி எடுங்கள். இடக்கையால் கைப்பிடியின் அடியைப் பிடித்து, வாளைச் சற்றே சாய்த்து நிமிர்த்தி, வலது முஷ்டியால் இடது மணிக்கட்டில் தட்டினால் வாள் இளகும்.

பழைய வாலில் துரு கரும்பழுப்பாக, இறுகிப் படிந்திருக்கும். செம்மஞ்சளாகப் பொடி உதிர்ந்தால் அது அண்மைத் துரு. எதுவானாலும் தேய்க்காதீர்கள்! உப்புத்தாள் ஒருமுறை பட்டாலே வாளின் வரலாறும் விலையும் சேர்ந்து போய்விடும், திரும்ப வராது.

ஆணித் துளை இரண்டு இருந்தால், நீண்ட வாளை வெட்டிக் குறுக்கியிருக்கலாம். வாலில் உள்ள அரத் தடங்கள் நடுவில் திசை மாறுகின்றனவா என்றும் பாருங்கள், அதுவும் அப்படிக் குறுக்கியதன் அறிகுறியாகலாம்.

வாலில் புகழ்பெற்ற கொல்லரின் பெயர் பொறித்திருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள். போலிக் கையொப்பங்கள் ஏராளம். உளித்தடத்தின் உள்ளே துரு சுற்றுப்புறத்தைவிட வெளிறியிருந்தால் அந்தப் பெயர் பின்னாளில் வெட்டியது. வாலின் இரு பக்கமும் படமெடுத்து வையுங்கள்.

கடைசியாக, ஒற்றை விளக்கொளியில் விளிம்பைச் சாய்த்துப் பாருங்கள். விளிம்புக்குச் செங்குத்தாக மயிரிழை விரிசல் தெரிந்தால் அது ஹாகிரே, மெருகேற்றினாலும் தீராது.