தலைப்பு மாறிய கதை: மாணவர் அறிவியல் ஆய்வில் உங்களுக்கு மறக்காத ஒன்று

சோளக்காட்டு வாத்தியார்

2018. தருமபுரிப் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளி. மாணவர்கள் தங்கள் ஊரில் தாங்களே செய்த ஆய்வைச் சொல்லும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்குத் தலைப்பு எழுதிக் கொடுக்க இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இடைவேளையில் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றாள்.

"சார், ஒரு டவுட்டு. எங்கம்மா பல்லு வெள்ளையா இருக்கு. அப்பாவுக்கும் எனக்கும் அத்தைக்கும் மஞ்சக் கறை. எங்க தெருவுல கட்டிக்கிட்டு வந்தவங்களுக்கு எல்லாம் வெள்ளை, அங்கயே பொறந்தவங்களுக்கு எல்லாம் கறை. ஏன் சார்?"

எங்கள் மாவட்டத்தில் இதை விளக்க வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு, அதனால் பல்லில் கறை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே இதற்காகத்தான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு ஃபுளோரைடு என்ற சொல்கூடத் தெரியாது. தெருவில் இருந்தவர்களின் பற்களைப் பார்த்தே இரண்டு கூட்டமாகப் பிரித்துவிட்டாள். பிஎச்.டி. செய்கிறவர்கள் இதற்குத்தான் ஆறு மாதம் அலைகிறார்கள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதெல்லாம் பெரிய ஆராய்ச்சிம்மா, லேப் வேணும். நீ நெகிழி எடுத்துக்கோ."

அந்த வருடம் உங்களுக்கே நினைவிருக்கும். ஜூனில் அறிவிப்பு, 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை. திரும்பிய பக்கமெல்லாம் துணிப்பை. நெகிழி என்றால் படம் கிடைக்கும், கட்டுரை கிடைக்கும், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மாவட்டம் வரை போனோம், சான்றிதழ் வந்தது, எல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது.

"சரிங்க சார்" என்றாள். பேச ஆரம்பித்ததிலிருந்து வாயை ஒரு கையால் மூடிக்கொண்டேதான் பேசினாள். அதைச் சொல்லிவிட்டுத் திரும்பியபோதும் அந்தக் கை இறங்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஏதாவது இருக்கும். எழுதுங்கள்.

பழைய நடுவர்

உங்கள் பிள்ளைக்குக் கேள்வியாவது இருந்தது சார்.

2014-இல் மாநாட்டின் கருப்பொருள் வானிலையும் காலநிலையும். நான் ஒரு மாவட்டத்தில் மதிப்பிட உட்கார்ந்திருந்தேன். அப்போதெல்லாம் ஐந்து பேர் கொண்ட குழு. ஓட்டு வீடு, ஆஸ்பெஸ்டாஸ் வீடு, கான்கிரீட் வீடு, மூன்றிலும் மதியம் இரண்டு மணிக்கு என்ன வெப்பம் என்று முப்பது நாள் எடுத்திருந்தார்கள். நல்ல தலைப்பு. அன்றாட அளவுகளைக் குறிக்கும் லாக் புக்கைப் புரட்டினேன். முப்பது நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, ஒரே மூச்சில் எழுதிய கையெழுத்து.

"தம்பி, இந்த வெள்ளிக்கிழமை ஊரே மிதக்கிற மாதிரி மழை பெஞ்சுதே. அன்னைக்கும் ஆஸ்பெஸ்டாஸ்ல 38 டிகிரியா?"

பையன் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக ஜன்னலைப் பார்த்தான். திரும்பினால் அங்கே வழிகாட்டி ஆசிரியர் நிற்கிறார், உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு.

குழுவிலேயே சின்னப் பெண் ஒருத்தி ஓரமாக நின்றிருந்தாள். அவள்தான் வாயைத் திறந்தாள். "அதுக்கு முன்னாடியே தெர்மாமீட்டர் ஒடைஞ்சு போச்சு சார். பன்னெண்டாவது நாளே."

அவள் சொன்ன அந்த வரி லாக் புக்கில் இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு மாநிலத்துக்கு அனுப்பியிருப்பேன். பன்னிரண்டு நாள் உண்மையான அளவு போதும். அவர்களை நிராகரித்தேன். நியாயம்தான். ஆனால் வெளியே போனபோது அந்த ஆசிரியர் சின்னப் பெண்ணைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைப் பார்த்தும் நான் அடுத்த குழுவை உள்ளே கூப்பிட்டேன்.

மலையடிவாரம்

மன்னிக்கவும், இரண்டு சாரும் ஆசிரியர்களைக் கூண்டில் ஏற்றுவதிலேயே குறியாக இருக்கிறீர்கள். பிள்ளை கொண்டுவரும் கேள்வியை அப்படியே ஆய்வாக்க முடியுமா? நான் பட்டதைச் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி காட்டை ஒட்டியது. உள்ளூர் உயிரினம் ஏதாவது ஒன்றைப் பற்றி ஆய்வுத் திட்டம் எழுதி வரச் சொன்னேன். திங்கள்கிழமை காலை ஒரு பையன் சாக்குப்பையோடு வந்து என் மேசை மேல் வைத்தான். "என்னடா இது?" என்று கேட்கும்போதே சாக்கு தானாக நகர்ந்து வருகைப் பதிவேட்டின் மேல் ஏறியது.

உடும்பு.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணை. வனத்துறை கேட்டால் யார் பதில் சொல்வது? அவனையும் சாக்கையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய், பிடித்த இடத்திலேயே விடச் செய்தேன். வழியெல்லாம் அது பொந்து தோண்டுவது, கோடையில் எங்கே போகும் என்பதெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தான். "பிடிக்காதே, எண்ணு. தடத்தை எண்ணு, பொந்தை எண்ணு. அதுவே ஆய்வு" என்றேன். தலையாட்டினான். அடுத்த நாளிலிருந்து என் பாடவேளையில் கடைசி பெஞ்ச். திட்டமும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. நான் திட்டவே இல்லை என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

வாத்தியார் சார், அந்தப் பிள்ளையை நீங்கள் பல் ஆராய்ச்சிக்கு விட்டிருந்தால் தெருத்தெருவாகப் போய் "வாயைத் திறங்க" என்று கேட்டிருப்பாள். கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் இருக்கிற வீட்டில் என்ன நடந்திருக்கும்? நீங்கள் மாற்றியது சரி.

கணக்குப்புலி

என் கதை சின்னது. முதுகலையில் "வைகை ஆற்று நீரின் தரம்" என்று ஆய்வுத் திட்டம் எழுதிக் கொண்டுபோனேன். நெறியாளர் படித்துவிட்டு, "வைகை 258 கிலோமீட்டர்ப்பா. நீ எத்தனை கிலோமீட்டர் நடக்கப் போறே?" என்றார். கடைசியில் மதுரையில் இரண்டு பாலத்துக்கு நடுவில் மூன்று இடம் என்று முடிந்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். வாத்தியார் சார் சொன்ன பல் ஆய்வை எப்படித் திட்டமிட்டிருக்கலாம் என்று பார்ப்போம், யாருக்காவது உதவும்.

முதலில், அம்மாவுக்கு வெள்ளை அப்பாவுக்குக் கறை என்பதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அப்பா வெற்றிலை போடுகிறவரா? பீடி? அதைக் கேட்டீர்களா? பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளை மட்டும் பார்த்தால் இந்தத் தொல்லை இல்லை. ஃபுளோரைடு கறை பெரும்பாலும் இரு பக்கத்துப் பற்களிலும் ஒரே மாதிரி இருக்கும், துலக்கினால் போகாது. பல்லின் மேற்பூச்சு உருவாகும் வயதில், தோராயமாக எட்டு வயதுக்குள், குடித்த தண்ணீர்தான் கணக்கு. வளர்ந்த பிறகு வந்தவர்களுக்குப் பல்லில் புதிதாகக் கறை ஏறாது. கட்டிக்கொண்டு வந்தவர்களுக்கு வெள்ளை என்று அந்தப் பிள்ளை பார்த்தது இதைத்தான்.

கறையை "அதிகம், குறைவு" என்று எழுதக் கூடாது. டீன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் வகுத்த ஆறு நிலை அளவுகோல் இருக்கிறது, சாதாரணத்திலிருந்து கடுமை வரை. ஒரு பல் மருத்துவரை ஒரு நாள் கூப்பிட்டு இரண்டு மாணவர்களுக்குப் பழக்கச் சொல்லலாம். அப்புறம் இதுதான் முக்கியம்: பல்லைப் பார்த்து எண் போடுகிறவருக்கு, அந்தப் பிள்ளை எந்தத் தெரு, எந்தத் தண்ணீர் என்று தெரியக் கூடாது. தெரிந்தால் கண் தானாகவே கறையைத் தேடும்.

தண்ணீருக்கு வருகிறேன். எல்லோரும் டிடிஎஸ் மீட்டரைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பு மொத்தம் எவ்வளவு என்பதைத் தவிர அதில் ஒன்றும் தெரியாது. டிடிஎஸ் 400 காட்டும் தண்ணீரில் ஃபுளோரைடு 3 இருக்கலாம். இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு வழியே இல்லாவிட்டால் 1.5. நிறம் பார்த்துச் சொல்லும் களச் சோதனைப் பெட்டி இருக்கிறது. இப்போது வீட்டுக்கு வீடு குழாய்க் குடிநீர் தரும் ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி கொடுக்கிறார்கள், அவர்களையே கேட்கலாம். உறுதி செய்ய நான்கு மாதிரியை மட்டும் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும். மாதிரியைப் பிளாஸ்டிக் பாட்டிலில் எடுக்க வேண்டும், கண்ணாடி கூடாது. ஃபுளோரைடு கண்ணாடியோடு வினைபுரியும்.

மலையடிவாரம் மேடம் சொன்ன கல்யாணப் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம். பெயருக்குப் பதில் எண். முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. தெருவில் போய்க் கேட்காமல் பள்ளியிலேயே தனி அறையில் பார்ப்பது. இது முடியாத காரியமா?

இன்னொன்று. ஒகேனக்கல் திட்டம் 2013-இல் வந்தது. அதற்கு முன் எட்டு வயது தாண்டியவர்கள் (வெற்றிலை, பீடி பழக்கம் இல்லாதவர்கள் மட்டும்) ஒரு பக்கம், அதற்குப் பிறகு பிறந்தவர்கள் ஒரு பக்கம் என்று இன்றைக்கும் ஒப்பிடலாம். பக்கத்துக்கு முப்பது பேராவது வேண்டும். செலவு என்று பார்த்தால்...

கறுத்த பாட்டில்

கணக்குப்புலி அண்ணா, யாரும் கேட்கவில்லை. ஆனாலும் கண்ணாடி பாட்டில் விஷயம் எனக்குத் தெரியாது, நன்றி.

நான் அந்தப் பக்கம் நின்றவள், மாணவி. எங்கள் திட்டம் எளிது. ஊரில் பத்து இடத்துத் தண்ணீரில் மலக்கிருமி இருக்கிறதா என்று எச்2எஸ் பாட்டிலில் பார்ப்பது. உங்களுக்குத் தெரிந்திருக்கும், கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால் ஒன்றிரண்டு நாளில் கிருமி இருந்தால் கறுத்துவிடும். பத்து இடத்தையும் திட்டத்திலேயே எழுதிக் கையெழுத்து வாங்கியாயிற்று. பத்தாவது இடம் பள்ளித் தொட்டி. சும்மா, நல்ல தண்ணீருக்கு ஒரு உதாரணம் வேண்டுமே என்று நான்தான் சேர்த்தேன்.

மறுநாள் காலை லேப் அலமாரியைத் திறந்தோம். கோயில் குளம் கறுப்பு. சரி, எதிர்பார்த்ததுதான். ஊருணி கறுப்பு. பத்தாம் நம்பர் பாட்டில், மை ஊற்றினது போல, எல்லாவற்றையும் விடக் கறுப்பு. அன்றைக்குக் காலையில்தான் அந்தத் தொட்டிக் குழாயில் வாயை வைத்துக் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

எச்.எம். பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கோபப்படவே இல்லை. "ஒன்பதுன்னு போட்டுக்கம்மா, ஒன்பது நல்ல நம்பர்" என்றார். பாட்டிலைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துப் போய்விட்டார்.

மாவட்டத்தில் நடுவர் கேட்ட முதல் கேள்வியே, "ஏம்மா ஒன்பது இடம்? எல்லாரும் பத்துன்னுதானே எடுப்பாங்க?" நான் சொன்னேன்: "நேரம் பத்தலை சார்." நன்றாகத்தான் பொய் சொன்னேன், குரல்கூட நடுங்கவில்லை. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும், அந்த வாரமே தொட்டியைக் கழுவி பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். ஏன் என்று யாருக்கும் சொல்லவில்லை.

பழைய நடுவர் சார், அந்தச் சின்னப் பெண் மாதிரி எனக்கு அன்றைக்கு வாய் வரவில்லை.

வழிப்போக்கன்

இதற்குப் பத்தாயிரம் ரூபாய் தருகிறார்களாமே, யாரிடம் விண்ணப்பிப்பது? என் பையன் ஏழாவது.

பழைய நடுவர்

அது இன்ஸ்பயர் மானக், மாணவர்களின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு பணம் தரும் திட்டம். மானக் வேறு, மாநாடு வேறு. மானக்குக்குப் புதிதாக ஒரு யோசனை வேண்டும், பள்ளி மூலமாக அனுப்ப வேண்டும். தேர்வானால் மாதிரி செய்யப் பணம் மாணவர் வங்கிக் கணக்குக்கு வரும். மாநாட்டில் பணம் கிடையாது, களத்தில் இறங்கிப் பார்த்ததைச் சொல்ல வேண்டும். பையனுக்கு என்ன கேள்வி இருக்கிறது என்று முதலில் அவனிடம் கேளுங்கள், பத்தாயிரத்தை அப்புறம் பார்க்கலாம்.

கறுத்த பாட்டில், உங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது நானாக இருந்திருக்கலாம். நான் எல்லாக் குழுவிடமும் அதைக் கேட்பேன். பதிலைக் குறித்துக்கொள்ள மாட்டேன்.

மலையடிவாரம்

எச்.எம். செய்தது தப்பு என்று சொல்ல மாட்டேன். தொட்டி சுத்தமானதா இல்லையா? அதுதானே வேண்டும்?

கறுத்த பாட்டில்

அடுத்த வருடமும் யாராவது பார்த்தார்களா மேடம்? பத்தாம் நம்பர் பட்டியலிலேயே இல்லையே.

சோளக்காட்டு வாத்தியார்

எல்லாவற்றையும் படித்தேன். மலையடிவாரம் மேடம், நீங்கள் சொன்ன அதே காரணத்தைத்தான் நானும் ஏழு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அன்றைக்குக் கல்யாணம் காட்சியெல்லாம் என் மனதில் இல்லை. மறுநாள் கடைசி நாள், அவ்வளவுதான் இருந்தது.

போன மாதம் பேருந்து நிலையத்தில் அவளைப் பார்த்தேன். கல்லூரி இரண்டாம் வருடம், வணிகவியல். "நல்லாருக்கீங்களா சார்" என்று அவளே வந்து பேசினாள். கையில் இருந்த நோட்டை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டாள். தம்பிக்குப் பல் எப்படி என்று கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை. அவன் 2013-இல் கைக்குழந்தை.

கணக்குப்புலி, பிளாஸ்டிக் பாட்டில் என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்ததும்தான் எனக்கு ஒன்று நினைவு வந்தது, மேலே எழுதும்போது விட்டுப்போயிற்று. அந்தப் பிள்ளை அன்றைக்கு வெறுங்கையோடு வரவில்லை. அவர்கள் வீட்டு போர் தண்ணீரை ஒரு லிட்டர் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி, மூடியை இறுக்கி, மேலே ஒரு துண்டுச் சீட்டில் தெருப் பெயரும் தேதியும் எழுதி ஒட்டிக் கொண்டுவந்திருந்தாள். ஒரு வாரம் ஸ்டாஃப் ரூம் ஜன்னலில் இருந்தது. அப்புறம் நெகிழிக் கண்காட்சி அட்டைக்கு மாதிரிகள் தேவைப்பட்டன. தண்ணீரைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றிவிட்டு, சீட்டைக் கிழித்துவிட்டு, அந்த பாட்டிலைத்தான் "மக்காத குப்பை" என்ற தலைப்புக்குக் கீழே கட்டினோம். கம்பியைச் சுற்றிக் கொடுத்தவள் அவள்தான்.