அயன் இம்ப்ளான்ட் செய்த டூல்கள்: எது நின்றது, எது தேய்ந்தது

வேக்கம்_பம்ப்:
அயன் இம்ப்ளான்ட் என்றால், கருவி தேயாமலிருக்க வெற்றிடத்தில் அயனிகளை (மின்னூட்டம் கொண்ட அணுக்களை) வேகமாகப் பாய்ச்சி உலோகப் பரப்புக்குள் ஏற்றுவது. நைட்ரஜன் ஏற்றத்துக்கு வழக்கமான தொடக்கம் 90 கிலோவோல்ட், டோஸ் (ஏற்றும் அளவு) சதுர செ.மீ.க்கு 2 × 10¹⁷ அயனி. பீம் கரண்ட் சதுர செ.மீ.க்கு 10 மைக்ரோஆம்பியர் என்றால் கணக்குப்படி 53 நிமிடம். ஆனால் காந்தத்தால் தரம் பிரிக்காத பீமில் பெரும்பங்கு இரட்டை அணு நைட்ரஜன்தான். அது பரப்பில் மோதி உடைந்ததும் ஒவ்வோர் அணுவுக்கும் 45 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல்தான் மிஞ்சும். ஆழம் ஏறக்குறைய பாதியாகும், ஒரு மின்னூட்டத்துக்கு இரண்டு அணு இறங்கும். பீம் கரண்டை அளக்கும் கப்பில், அயனி மோதும்போது தெறிக்கும் இரண்டாம்நிலை எலக்ட்ரானைத் தடுக்கும் எதிர்மின் வளையம் இல்லாவிட்டால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். டோஸ் முடிந்ததென்று நினைத்து நிறுத்திவிடுவீர்கள்.

டூல்ரூம்:
சூட்டை விட்டுவிட்டீர்களே. அந்த பீமில் சதுர செ.மீ.க்கு 0.9 வாட் இறங்குகிறது. வெற்றிடத்தில் காற்று இல்லை. வெப்பம் வெளியேற முக்கிய வழி, உருப்படியைப் பிடித்திருக்கும் ஃபிக்ஸ்சர் தொடும் இடம். மெல்லிய ட்ரில் முனை சீக்கிரம் சூடேறும். 52100 பேரிங் ஸ்டீலை ஏறக்குறைய 170 டிகிரியில்தான் டெம்பர் செய்வார்கள் (கடினமாக்கிய பின் மிதமாகச் சூடாக்கிப் பதப்படுத்துவது); அதைத் தாண்டினால் உள்ளுடல் இளகிவிடும். நீர் ஓடும் செம்புத் தட்டு, இடையில் இண்டியம் என்ற மெத்தென்ற உலோகத் தகடு. இது போதும்.

அந்த ஸ்டீலில் குரோமியமே 1.5 சதவீதம்தான். நைட்ரஜனோடு சேர்ந்து நைட்ரைடு என்ற கடினச் சேர்மத்தைக் கட்ட ஆள் இல்லாத இடத்தில் நைட்ரஜனிடம் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். டைட்டானியமும் கார்பனும் சேர்த்து ஏற்றினால் படிக ஒழுங்கற்ற படலம் உருவாகி உராய்வே குறையும்.

நுண்கடினம்:
“ஏற்றிய பிறகும் கடினம் ஏறவில்லை” என்று திரும்பி வருபவற்றில் பாதி, அளந்த விதத்தின் கோளாறு. 700 விக்கர்ஸ் (கடின அளவு) ஸ்டீலில் 1 கிலோ எடை வைத்தால் வைர முனை 7 மைக்ரான் இறங்கும். ஏற்றிய படலமோ 0.1 மைக்ரான்! மிக மெல்லிய அழுத்தத்தில் கடினம் அளக்கும் நானோ இண்டென்டரில் 10, 20 நானோமீட்டருக்குள் அளக்கவேண்டும். அதற்கு பாலிஷும் கண்ணாடி போல இருக்கவேண்டும். பாலிஷ், கழுவல் எல்லாம் ஏற்றத்துக்கு முன்பே. பிறகு ஒரு லேசான பஃபிங் போட்டாலும் காசு போச்சு.

எலும்புமூட்டு:
டைட்டானியம்-6 அலுமினியம்-4 வனேடியம் என்ற உலோகக் கலவையில் செய்த இடுப்பு மூட்டுப் பந்தில் கோணம்தான் சிக்கல். பீம் நேர்கோட்டில் மட்டுமே போகும். பந்தின் ஓரத்தில் சாய்ந்து விழும்போது அணு உள்ளே போவதைவிடப் பரப்பைச் செதுக்கி எறிவது அதிகம். சுழற்றுங்கள், சாய்வான பகுதியை முகமூடியால் மறையுங்கள். உருப்படியையே பிளாஸ்மாவில் மூழ்கவைத்து எதிர்மின் துடிப்பு கொடுக்கும் முறை விஸ்கான்சினில் 1980-களில் வந்தது இதற்காகத்தான்.

டூல்ரூம்:
கண்ணாடி இழை கலந்த பிளாஸ்டிக் அச்சு, கம்பி இழுக்கும் கார்பைடு டை, காகிதம் வெட்டும் கத்தி: இங்கெல்லாம் ஏற்றிய படலம் தாங்கும். 500 டிகிரி தொடும் வேக வெட்டுக்கு வேண்டாம். நைட்ரஜன் உள்ளே பரவிக் கரைந்துவிடும்.