மறு: டிரான்ஷிப்மென்ட்: பொருத்தமான தமிழ்ச்சொல் எது?

குழுமத்தாருக்கு வணக்கம்.

இலங்கைக் கப்பல்துறைச் சொற்பட்டியலில் பெரும்பாலானவற்றுக்கு உடன்பாடு வந்துவிட்டது. முடிவாகாமல் நிற்பதில் முக்கியமானது டிரான்ஷிப்மென்ட், அதாவது வழியிலுள்ள துறைமுகத்தில் சரக்கைக் கப்பல் மாற்றி ஏற்றுவது. கொழும்புத் துறைமுகம் ஆண்டுக்குக் கையாளும் 70 இலட்சத்துக்கு மேற்பட்ட இருபதடி அலகுகளில் (இருபதடிக் கொள்கலன் ஒன்று ஓர் அலகு) ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு இந்த வகைதான். துறைமுகத்தின் பிழைப்பே இதில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, சில செய்திகளில் இதை ‘மீள் ஏற்றுமதி’ என்கிறார்கள், சிலவற்றில் ‘பரிமாற்றச் சரக்கு’ என்கிறார்கள். படிப்பவர் என்னதான் புரிந்துகொள்வார்?

நடப்பது இதுதான். சிட்டகாங்கில் ஏற்றிய ஆடைகள் ஹம்பர்க் போகவேண்டும். பெரிய கப்பல் சிட்டகாங் ஆற்றுத் துறைக்குள் போக முடியாது, ஆழம் போதாது. சிறிய கப்பல் ஒன்று கொள்கலனைக் கொழும்புக்குக் கொண்டுவந்து இறக்கும். சில நாள் யார்டில், அதாவது கொள்கலன்களை அடுக்கிவைக்கும் முற்றத்தில், கிடந்தபின் ஐரோப்பா போகும் தாய்க்கப்பலில் அதே கொள்கலன் ஏறும். கதவின் முத்திரை உடைவதில்லை, சரக்கு இலங்கைச் சந்தைக்குள் வருவதுமில்லை.

என் முன்மொழிவு ‘கலமாற்றம்’. கலம் என்றால் கப்பல். மரக்கலம் என்ற பழைய வழக்கு எல்லோருக்கும் தெரியும். கலமாற்றுத் துறைமுகம், கலமாற்றுச் சரக்கு என்று எளிதாகத் தொடரும். கருத்துச் சொல்லுங்கள்.

— கே.

⁂

கே. ஐயாவுக்கு வணக்கம்.

> கலம் என்றால் கப்பல்

இலக்கியத்தில் சரி. கப்பலிலிருந்து கொள்கலன்களை இறக்கி ஏற்றும் முனையத்தில் வேலை செய்பவர் காதில் ‘கலமாற்றம்’ வேறு விதமாக விழும். கொள்கலன், வெற்றுக்கலன், குளிர்கலன் என்று நாள் முழுக்கச் சொல்கிறோம். ஆகவே கலம் மாறுவது என்றதும் ஒரு பெட்டியைத் திறந்து சரக்கை இன்னொரு பெட்டிக்கு மாற்றுவதாகத்தான் நினைப்போம். அப்படியொரு வேலை உண்மையிலேயே உண்டு. பல நாடுகளிலிருந்து அரைகுறையாக வரும் சரக்குகளைக் கொழும்புக் கிடங்கில் பிரித்து, வாங்குபவர் வாரியாகச் சேர்த்துப் புதிதாக அடைக்கிறார்கள். அங்கே முத்திரை உடைகிறது; கூலி, பொறுப்பு, காப்புறுதி எல்லாமே வேறு. இரண்டும் ஒரே பெயரில் போனால் பட்டியலால் பயனில்லை.

இன்னொரு வேலையையும் விலக்கவேண்டும். அடியில் இருக்கும் பெட்டியை எடுக்க மேலே இருப்பவற்றைக் கரையில் இறக்கி, அதே கப்பலில் திரும்ப அடுக்குவோம். இதற்கு ‘மறு அடுக்கல்’ போதும். இறக்கி ஏற்றுவது டிரான்ஷிப்மென்டிலும் இதிலும் பொது என்பதால், ‘மறு ஏற்றம்’ என்று யாராவது முன்மொழிந்தால் இந்த இரண்டும் குழம்பிவிடும்.

சொல்லில் ‘மாற்று’ இருப்பது நல்லது. எங்கள் தலைவலி முழுவதும் மாறும் இடத்தில்தான். யார்டில் ஐந்து அடுக்கு இருந்தால், அடிப்பெட்டியை எடுக்க மேலுள்ள நான்கையும் நகர்த்தவேண்டும். அதனால் இறக்கும்போதே அடுத்த கப்பல், அது போகும் துறை, எடை ஆகியவற்றைப் பார்த்து அடுக்குகிறார்கள். கப்பலில் பாரமானது கீழே போகவேண்டும். அறிவித்த எடை தப்பாக இருந்தால் அடுக்குத் திட்டமே குலையும். 2016 ஜூலை 1 முதல் சரிபார்த்த மொத்த எடை இல்லாத கொள்கலனைக் கப்பலில் ஏற்றக்கூடாது என்பது பன்னாட்டு விதி.

சிறிய கப்பல் தாமதித்தால் பெட்டி தாய்க்கப்பலைத் தவறவிடும். பெரும்பாலான சேவைகள் வாரம் ஒருமுறைதான் என்பதால் அது இன்னும் ஏழு நாள் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும். 2023 இறுதியில் செங்கடல் வழி ஆபத்தாகி, கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கியபோது அட்டவணை சிதறியது. கப்பல்கள் கூட்டமாக வந்து சேர்ந்தன. யார்டு நிரம்ப நிரம்ப ஒவ்வொரு பெட்டிக்கும் வெறும் நகர்த்தல் கூடும், கிரேன் காத்துநிற்கும். இறக்கும் முனையமும் ஏற்றும் முனையமும் வேறானால் லொறியில் வேறு கொண்டுபோகவேண்டும். கொழும்பில் முனையங்கள் பல கைகளில் இருப்பதால் இது அன்றாடப் பிரச்சினை. புதிய முனையம் கட்டுவதைப் பற்றியே பேசுகிறோம். முனையங்களுக்கு இடையிலான இந்த ஓட்டத்தைச் சீர்செய்யாமல் கட்டும் ஒவ்வொரு மீட்டர் துறைமேடையும் லொறி நெரிசலைத்தான் கூட்டும் என்பது என் உறுதியான கருத்து.

என் வாக்கு ‘கப்பல்மாற்று’க்கு.

— த.

⁂

இருவருக்கும் வணக்கம். சுங்கப் பக்கத்திலிருந்து இரண்டு விடயம்.

‘மீள் ஏற்றுமதி’யை இந்தப் பொருளில் அடியோடு தவிர்க்கவேண்டும். பொருள் முறைப்படி நாட்டுக்குள் இறக்குமதியாகி, பிறகு வெளியே போவதுதான் மீள் ஏற்றுமதி. அதற்கு இறக்குமதிப் பதிவு, ஏற்றுமதிப் பதிவு இரண்டும் உண்டு. வரி கட்டித் திரும்பப் பெறுவது அல்லது பிணையில் வைப்பது என்ற வேலையும் உண்டு. 2012ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க நிதிச் சட்டம் வணிக மையங்களுக்கு வழிவிட்டது. கொண்டுவந்து, சிறிது வேலை செய்து, வெளிநாட்டுக்கே விற்கும் இடைநிலை வணிகத்துக்கு அதில் தனி இடம் இருக்கிறது. அது வேறு தொழில், அதன் வருமானக் கணக்கும் வேறு. சிட்டகாங் ஆடைகளுக்கு இலங்கையில் வாங்குபவரும் இல்லை, விற்பவரும் இல்லை. நாட்டுக்குக் கிடைப்பது இறக்கி ஏற்றும் கூலி, இலவச நாட்கள் தாண்டினால் யார்டு வாடகை, கப்பலுக்கு எரிபொருள், குடிநீர், உணவுப்பொருள், மாலுமி மாற்றம், பெட்டி பழுதுபார்ப்பு ஆகியவற்றிலிருந்து வரும் பணம். ‘ஏற்றுமதி’ என்று எழுதினால், அந்த ஆடைகளின் விலையே நம் வருமானம் என்று வாசகர் எண்ணிவிடுவார்.

இரண்டாவது, ‘கப்பல்மாற்று’ என்பதில் கப்பல் இடிக்கிறது. சுங்க நடைமுறைகள் பற்றிய திருத்திய கியோட்டோ உடன்படிக்கையின் ஈ (E) இணைப்பில் இரண்டாம் அத்தியாயம் இந்த நடைமுறையை வரையறுக்கிறது. கொண்டுவந்த போக்குவரத்துச் சாதனத்திலிருந்து கொண்டுபோகும் சாதனத்துக்கு, ஒரே சுங்க அலுவலகத்தின் எல்லைக்குள், சுங்கக் கட்டுப்பாட்டின்கீழ் மாற்றுவது என்பது அதன் சாரம். சாதனம் கப்பலாகத்தான் இருக்கவேண்டும் என்றில்லை. கட்டுநாயக்காவில் ஒரு விமானத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் சரக்குக்கும் இதே சொல்தான். கொழும்பில் கப்பலிலிருந்து இறங்கிக் கட்டுநாயக்காவில் விமானம் ஏறும் சரக்கையும் நடைமுறையில் இதோடு சேர்த்தே பேசுகிறார்கள்.

ஆகவே ‘மாற்றேற்றம்’ எப்படி? மாற்று + ஏற்றம். எந்த ஊர்தியாயினும் பொருந்தும். தேவைப்பட்டால் ‘கடல்–வான் மாற்றேற்றம்’ என்று அடைகொடுக்கலாம்.

— ந.

⁂

ந. சொல்வது சரி. ‘கலமாற்ற’த்தை விலக்கிக்கொள்கிறேன்.

‘மாற்றேற்ற’த்தில் எனக்குப் பிடித்தது, அது வினையாகவும் நடக்கிறது: கொழும்பில் மாற்றேற்றினார்கள், மாற்றேற்றக் காத்திருக்கும் பெட்டிகள், மாற்றேற்றத்தைத் தவறவிட்ட குளிர்கலன். ‘கப்பல்மாற்று’ வினையாக வரும்போது, கப்பலையே மாற்றிவிட்டதுபோல் ஒலிக்கிறது. ‘விலையேற்றம்’ நினைவுக்கு வருமே என்று யாராவது கேட்கலாம். சரக்கு, பெட்டி என்ற சொல் பக்கத்தில் நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

கூடவே சிறிய கப்பலுக்கான சொல்லையும் முடிவுசெய்துவிடலாம். ‘ஊட்டுக்கப்பல்’ என்றால் ஒருபக்கம் கொண்டுவந்து கொடுப்பது மட்டும்தான் தெரிகிறது; தாய்க்கப்பல் இறக்கியதை எடுத்துக்கொண்டு திரும்புவதும் அதன் வேலைதானே. கிளைப்பாதை போல ‘கிளைக்கப்பல்’ என்று வைக்கிறேன். எதிர்ப்பு இருந்தால் தனி இழையில் எழுதுங்கள்.

— கே.

⁂

மாற்றேற்றத்துக்கு என் சம்மதம். பதிவில் ஒரு குறிப்பு கட்டாயம் வேண்டும். மாற்றேற்றும் பெட்டி இறங்கும்போது ஒருமுறை, ஏறும்போது ஒருமுறை என்று இரண்டு தடவை எண்ணப்படுகிறது. நாற்பதடிப் பெட்டி என்றால் அது இரண்டு அலகு. ஆக, ஒரே பெட்டி புள்ளிவிவரத்தில் நான்காக நிற்கும். “கொழும்பு 70 இலட்சம் கொள்கலன்களைக் கையாண்டது” என்ற செய்தித் தலைப்பு இதனாலேயே தவறு.

எடுத்துக்காட்டு வாக்கியங்களை இப்படி வைக்கலாம்:

“2018 மே மாதம் இந்தியா கரையோரக் கப்பல் விதியைத் தளர்த்தியதால், மாற்றேற்றத்துக்கான இந்தியக் கொள்கலன்களை வெளிநாட்டுக் கொடிக் கப்பல்களும் இந்தியத் துறைகளுக்கிடையே கொண்டுசெல்லலாம் என்றாயிற்று; கொழும்புக்கு இது முக்கியம், ஏனெனில் அதன் மாற்றேற்றச் சரக்கில் பெரும்பகுதி இந்தியாவினுடையது.”

“2025 மே 2 அன்று முறைப்படி திறக்கப்பட்ட கேரளத்தின் விழிஞ்ஞம், இந்திய மண்ணிலேயே தாய்க்கப்பல் அணையக்கூடிய மாற்றேற்றத் துறைமுகம்.”

“18 மீட்டர் ஆழமுள்ள தெற்கு முனையம் 2013இல் இயங்கத் தொடங்கியபின், மிகப் பெரிய கொள்கலன் கப்பல்களும் மாற்றேற்றத்துக்குக் கொழும்பில் அணைய முடிந்தது.”

மூன்றாவதில் ‘முனையம்’ என்பதற்கு முன்னால் ‘கொள்கலன்’ சேர்த்துவிடுங்கள். எண்ணெய் முனையமும் பட்டியலில் இருக்கிறது.

— த.