ஆய்வுக்கூடத்தில் பிறந்த தரவுத்தளங்கள்: உங்கள் அனுபவம் என்ன?

அலுவலகத்தில் பெரிய சிஎஸ்வி கோப்பு (அட்டவணையை வெறும் உரையாக வைக்கும் கோப்பு) ஒன்றை அலச வேண்டியிருந்தபோதுதான் டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருளை முதலில் தொட்டேன். சர்வர் நிறுவவில்லை, கடவுச்சொல் அமைக்கவில்லை. பைத்தான் நிரலுக்குள்ளேயே, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில் எழுதினேன். லேப்டாப்பிலேயே விடை வந்துவிட்டது. இதை உருவாக்கியவர்கள் யார் என்று தேடியபோது ஆம்ஸ்டர்டாமில் உள்ள சிடபிள்யூஐ ஆய்வு நிறுவனம் தெரியவந்தது.

அங்கே ஹன்னஸ் ம்யூலைசனும் மார்க் ராஸ்ஃபெல்ட்டும் ஆர் என்ற நிரல்மொழியில் தரவு அலசுவோரைக் கவனித்திருக்கிறார்கள். நிறுவுவதும் பராமரிப்பதும் தொல்லை என்று அவர்கள் தரவுத்தளங்களையே ஒதுக்கிவிட்டிருந்தார்கள். அதற்குத் தீர்வாக, அதே நிறுவனத்தில் பிறந்த மோனெட்டிபி என்ற தரவுத்தளத்தை இன்னொரு நிரலுக்குள் பொருத்திப் பார்த்தார்கள். தனி சர்வராக இயங்குவதற்கென்று கட்டிய மென்பொருள் அங்கே ஒட்டவில்லை. பிறகு அதை ஒதுக்கிவைத்துவிட்டு டக்டிபியை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதினார்கள். 2019இல் சிக்மாட் என்ற தரவுத்தள ஆய்வு மாநாட்டில் காட்டினார்கள்; 2021இல் நிறுவனம் தொடங்கினார்கள், அதுவும் துணிகர முதலீடு வாங்காமல். சொந்த வீட்டில் பல ஆண்டு வளர்ந்த ஒன்றை ஒதுக்கிவைக்கும் துணிவுதான் என்னை மிகவும் ஈர்த்தது. பிற உறுப்பினர்களும் தாங்கள் கண்டதை எழுதுங்கள்.

மறுமொழி 1

எனக்கு அந்த வியப்பு வெர்ட்டிகா என்ற தரவுத்தளத்தில் கிடைத்தது. விற்பனை அறிக்கைக்கு வேண்டியவை நான்கைந்து நெடுவரிசைகள்தான். எங்கள் பழைய தரவுத்தளமோ ஒவ்வொரு பதிவையும் முழுதாக வாசித்துக்கொண்டிருந்தது. நெடுவரிசைகளைத் தனித்தனியே சேமித்தால் தேவையானதை மட்டும் வாசிக்கலாம். ஒரே வகை மதிப்புகள் அடுத்தடுத்து இருப்பதால் நன்றாகச் சுருக்கவும் முடியும். இந்தக் கருத்தைச் சொன்ன, சி-ஸ்டோர் என்ற ஆய்வுத் தரவுத்தளம் பற்றிய கட்டுரை 2005இல் வந்தது. அந்த ஆய்விலிருந்து அதே ஆண்டு வெர்ட்டிகா நிறுவனமும் தொடங்கியது. 2011இல் எச்பி அதை வாங்கியது.

இதன் பின்னணியில் இருந்த ஆய்வாளர் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் இன்க்ரெஸ், போஸ்ட்கிரெஸ் என்ற தம் பழைய ஆய்வுத் தரவுத்தளங்களின் காலத்திலிருந்தே, ஆய்வை நிறுவனமாக்கும் இதே பாதையில் நடந்தவர். போஸ்ட்கிரெஸ் ஆய்விலிருந்து இல்லஸ்ட்ரா நிறுவனம், எச்-ஸ்டோர் ஆய்விலிருந்து வோல்ட்டிபி நிறுவனம். எல்லா வேலைக்கும் ஒரே இயந்திரம் போதும் என்ற எண்ணத்தை அவர் விடாமல் எதிர்த்தார். கணினி அறிவியலின் உயரிய விருதான டூரிங் விருது 2014க்கு அவருக்குக் கிடைத்தபோது என் ஆசிரியருக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தேன்.

மறுமொழி 2

நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன். பல்கலைக்கழக ஆய்வுக்குழு ஒன்று தொடங்கிய சிறிய நிறுவனத்தில் வேலை செய்தேன். எங்கள் கட்டுரையில் வேகத்தைக் காட்டும் வரைபடங்கள் அருமையாக இருந்தன. வாடிக்கையாளர்கள் அவற்றைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வேறு கேள்விகள் கேட்டார்கள்: காப்புப் பிரதி எப்படி எடுப்பது? யார் எதைப் பார்க்கலாம் என்று எங்கே வரையறுப்பது? இவற்றை எழுதி எந்த மாநாட்டுக்கும் அனுப்ப முடியாது; ஆனால் எங்கள் உழைப்பில் பெரும்பகுதி அங்கேதான் போனது. நல்ல ஆய்வு மட்டும் போதாது என்பதற்கு, தரவுத்தள அமைப்புகளைத் தானாகச் சீர்செய்யும் சேவை தந்த ஆட்டர்டியூன் நிறுவனமும் சான்று. கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஆண்டி பாவ்லோ குழுவின் மதிப்புமிக்க ஆய்விலிருந்து வந்தும், அந்த நிறுவனம் 2024இல் மூடப்பட்டது.

எங்களிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று உண்டு: "இன்று சேமிக்கும் கோப்பை அடுத்த பதிப்பிலும் திறக்க முடியுமா?" முதல் பதிவர் சொன்ன டக்டிபியையே பாருங்கள். கோப்பு வடிவம் நிலைத்திருக்கும் என்ற உறுதியோடு அதன் 1.0 பதிப்பு 2024 ஜூனில்தான் வந்தது. மாநாட்டில் காட்டி ஐந்து ஆண்டுகள் கழித்து.